மீனாவும் மருந்தும்

தாதர் மேற்கில் ரானடே சாலையிலும் கோகலே சாலையிலும் உள்ள நகைக்கடைகளில் 'மீனா' என்று கேட்டால், பச்சையும் நீலமும் சிவப்பும் ஏறிய வெள்ளி மெட்டிகளையும் கொலுசுகளையும் எடுத்து வைப்பார்கள். வாங்க வந்தவர் மராத்தியர் என்றால் அவற்றை ஜோட்வி, பைஞ்ஜண் என்பார். மாட்டுங்காவிலிருந்தோ தாராவியிலிருந்தோ வந்த தமிழர் என்றால் மெட்டி, கொலுசு என்பார். நகையின் பெயர் மொழிக்கு மொழி மாறினாலும் அதில் ஏறிய நிறத்திற்கு மட்டும் எல்லாரிடமும் ஒரே சொல்தான். அந்த ஒரு சொல்லுக்குள் இன்று ஒன்றுக்கொன்று உறவில்லாத இரண்டு பொருள்கள் குடியிருக்கின்றன. ஒன்று நெருப்பில் உருகி உலோகத்தோடு இணைந்த கண்ணாடி. மற்றொன்று இரண்டு திரவங்களைக் கலந்து ஊற்றி இறுகவைத்த செயற்கைப் பிசின். கடைக்காரர் இரண்டையும் மீனா என்றே விற்கிறார். வாங்குபவரும் மீனா என்றே வாங்கிச் செல்கிறார். இந்தச் சொல்லின் பின்னால் சென்றபோது நான் கண்டவற்றை இங்கே எழுதிவைக்கிறேன். சற்றே நீண்ட பதிவு, பொறுத்தருள்க.

மும்பைத் தமிழரின் கைத்தொழிற் பேச்சில் பிறமொழிச் சொற்கள் எவ்வாறு இடம்பிடிக்கின்றன என்பது என் ஆய்வுக்குரிய பொருள்களுள் ஒன்று. 'மீனா' பாரசீகச் சொல். அம்மொழியில் அது நிறக்கண்ணாடியையும் அதைக்கொண்டு உலோகத்தின்மீது செய்யும் வேலையையும் குறிக்கும். வானத்தின் நீலத்திற்கும் அச்சொல் வழங்குவதுண்டு. ஆம்பரை ஆண்ட முதலாம் மான்சிங், பதினாறாம் நூற்றாண்டின் இறுதியில் லாகூரிலிருந்து மீனா வேலை செய்வோரை அழைத்துவந்தார் என்பது ஜெய்ப்பூர்க் கைவினைஞரிடையே வழங்கும் மரபுச் செய்தி. ஆங்கிலத்தின் 'எனாமல்' என்னும் சொல்லோ பழைய பிரெஞ்சின் வழியாக வந்தது. உருகுதல் என்று பொருள்படும் ஜெர்மானிய வேர் ஒன்றிலிருந்து பிறந்தது. ஒரு சொல் கண்ணாடியை நினைவில் வைத்திருக்கிறது, மற்றொன்று நெருப்பை. தாராவியில் நான் சந்தித்த தமிழ்ப் பெண்கள் சிலர், மீன்போல மின்னுவதால் மீனா என்று எனக்கு விளக்கம் சொன்னார்கள். வரலாற்றுப்படி இது பொருந்தாது. ஆயினும், அயற்சொல் ஒன்றைத் தம் மொழியின் வேரோடு கட்டிப் போட்டால்தான் அது ஓடிப்போகாது என்னும் இயல்பான அறிவு அந்த விளக்கத்தில் இருக்கிறது.

கண்ணாடி மீனா கடினமான வேலை. நிறக்கண்ணாடியை அரைத்துப் பொடியாக்கி, கலங்கல் நீங்கும்வரை கழுவி, ஈரத்தோடு உலோகக் குழிகளில் இட்டு, உலரவைத்து, 750 முதல் 850 பாகை வரையிலான வெப்பத்தில் சுடவேண்டும். தூய வெள்ளி உருகுவது ஏறத்தாழ 962 பாகை செல்சியஸில். ஆனால் நகைக்குப் பெரிதும் வழங்கும் 925 வெள்ளியில் ஆயிரத்தில் எழுபத்தைந்து பங்கு பிற உலோகம், பெரும்பாலும் செம்பு. அந்தக் கலப்பு ஏறத்தாழ 800 பாகையிலேயே இளகத் தொடங்கிவிடும். கண்ணாடி உருகவேண்டும், வெள்ளி உருகக்கூடாது. இரண்டுக்கும் நடுவிலுள்ள இடைவெளி மிகக் குறுகியது. போதாக்குறைக்கு, சூட்டில் செம்பு உயிர்வளியோடு கூடி வெள்ளியின் மேற்புறத்திலும் அதற்குச் சற்று உள்ளேயும் கருமையும் செம்மையுமாகக் கறை படியச் செய்கிறது. சிவப்பு நிறக் கண்ணாடியை நேரே வெள்ளியின்மீது வைத்துச் சுட்டால் நிறம் திரிந்துபோகும். நிறமற்ற கண்ணாடியை அடியில் ஒரு படலமாக இட்டே அதை ஏற்றவேண்டும். காங்கடா போன்ற இடங்களின் பழைய வெள்ளி நகைகளில் நீலமும் பச்சையும் மிகுந்திருப்பதை அருங்காட்சியகங்களில் கண்டிருப்பீர்கள். எந்த நிறம் தன்மேல் நிற்கும் என்பதை அங்கே வெள்ளியே பெரிதும் தீர்மானித்தது.

பிசினுக்கு இந்தத் தடைகள் ஒன்றும் இல்லை. உலையோ நெருப்போ வேண்டியதில்லை. எந்த நிறத்தையும் கலக்கலாம். கால்வைத்துத் தள்ளும் அளவுக்கு இடமுள்ள ஓர் அறையில், கட்டிலுக்கு அடியில் தட்டுகளை அடுக்கிவைத்தும் செய்யலாம். உலை வேண்டாத தொழில் என்பதால்தான் அது பட்டறையை விட்டு வீட்டுக்குள் வந்தது; வீட்டுக்குள் வந்ததால்தான் பெண்களின் கைக்கு வந்தது. திருநெல்வேலிப் பக்கத்திலிருந்து ஒரு தலைமுறைக்கு முன் தாராவிக்குக் குடிவந்த குடும்பம் ஒன்று இந்த வேலையைச் செய்கிறது. அந்த வீட்டு அக்காவும் அவருடைய மருமகளும், வார்த்தெடுத்துப் பற்றவைத்த வெள்ளியைப் பட்டறையிலிருந்து வாங்கிவந்து, நிறத்திற்கு ஆயத்தம் செய்து, நிறம் நிரப்பித் திருப்பித் தருகிறார்கள். கூலி உருப்படிக் கணக்கு. அவர்களோடு பல நாள் உட்கார்ந்து சொற்களைக் குறித்துக்கொண்டேன். சொல்லைக் குறிக்கப்போய் வேலையையும் ஓரளவு அறிந்துகொண்டேன்.

வெளியிலிருந்து பார்ப்பவர்கள் நிறம் ஊற்றுவதையே வேலை என்று நினைப்பார்கள். அக்காவின் கணக்கில் அது கடைசிக் காற்பங்கு. முக்காற்பங்கு வேலை வெள்ளியை ஆயத்தப்படுத்துவதில் போய்விடுகிறது. இதற்குக் காரணம் ஒன்றுண்டு. கண்ணாடி சூட்டில் உருகி வெள்ளியோடு இணைகிறது. பிசினுக்கு வெள்ளியோடு அப்படிப்பட்ட உறவு இல்லை. அது இறுகும்போது வெள்ளியின் கீறல்களையும் மேடுபள்ளங்களையும் கவ்விக்கொண்டு நிற்கிறது, அவ்வளவே. கண்ணாடிபோல் பளபளத்த குழியில் ஊற்றினால், சில மாதங்களில் நிறம் முழு வில்லையாகக் கழன்று விழும். நகைக்கு அழகு சேர்க்கும் மெருகே இங்கே பகை. “சொரசொரன்னு இருந்தாத்தான் பிள்ள பிடிக்கும். வழுவழுன்னு இருந்தா வழுக்கிட்டுப் போயிரும்” என்றார் அக்கா. ஆகவே குழியின் தரையை உப்புத்தாளாலோ முள் போன்ற உளியாலோ குறுக்கும் நெடுக்குமாகக் கீறுகிறார்கள். ஒளி புகும் நிறமானால் அந்தக் கீறல்கள் அடியிலிருந்து தெரியும். எனவே அவை கோணல்மாணலாக இல்லாமல் ஒரு கோலத்தில் அமையவேண்டும். குழியும் ஆழம் பெறவேண்டும். ஒரு மில்லிமீட்டர் அளவேனும் இல்லாவிட்டால் நிறம் மெல்லிய தோலாய் உரிந்துவரும்.

கீறுவதற்கு முன்பே முடியவேண்டியவை சில உண்டு. பற்றவைப்பு வேலை எல்லாம் நிறத்திற்கு முன்னரே முடிந்தாக வேண்டும். ஏனெனில், பிசின் ஏறிய நகை மறுபடி தீயைக் காணக்கூடாது. பற்றவைப்பதைத் தமிழ்நாட்டுப் பத்தர்கள் பொடிவைத்தல் என்பார்கள். பேச்சில் உள்ளர்த்தம் ஒளிப்பதைப் பொடிவைத்துப் பேசுதல் என்று சொல்வது அந்தத் தொழிலிலிருந்து வந்தது என்பர். தாராவியில் அதற்கு 'டாங்கா' என்று பெயர். இந்தியில் துணிக்குப் போடும் தையலுக்கும் அதே சொல்தான். தமிழ் அரம் இங்கே மராத்தியின் 'கானஸ்' ஆகவோ இந்தியின் 'ரேத்தி' ஆகவோ மாறிவிடுகிறது. பற்றவைத்தபின் ஒட்டியிருக்கும் வெங்காரத்தையும் கறையையும் நீக்க நீர்த்த அமிலத்தில் ஊறவைக்கிறார்கள். பாடநூல் அதை அமிலம் என்கிறது. தமிழ்நாட்டுப் பட்டறை திராவகம் என்கிறது. கரைப்பது என்பது அந்த வடசொல்லின் பொருள். மும்பைப் பட்டறை 'தேஜாப்' என்கிறது. கூர்மையான நீர் என்பது அந்தப் பாரசீகச் சொல்லின் பொருள். மூன்றில் எந்தச் சொல் ஒரு குழந்தையைப் பாத்திரத்திலிருந்து விலகி நிற்கச் செய்யும் என்று எண்ணிப் பார்த்தேன். கூர்மையான நீர் என்றவரே பொருளின் இயல்பை நேர்மையாகச் சொல்லியிருக்கிறார்.

அமிலத்திலிருந்து எடுத்ததைச் சமையல் சோடா கரைத்த நீரில் இட்டு, பின் நல்ல நீரில் அலசுகிறார்கள். பற்றவைத்த இடத்தில் ஊசிமுனைத் துளை இருந்தால் அமிலம் அதற்குள் தங்கிப் பின்னால் கசியும். ஈரம் தங்கினால் நிறத்தில் குமிழியாக எழும். அதன்பின் பூந்திக்கொட்டை ஊறிய நீரில் பித்தளைக் கம்பித் தூரிகையால் தேய்க்கிறார்கள். இங்கே அதன் பெயர் 'ரீட்டா'. தேய்த்ததும் அக்கா செய்யும் சோதனை எனக்கு மிகப் பிடித்தது. வெள்ளியின்மேல் நீரை ஊற்றிச் சாய்த்துப் பார்ப்பார். நீர் ஒரே படலமாய்ப் பரவினால் வெள்ளி சுத்தம். முத்து முத்தாய்த் திரண்டால் எங்கோ எண்ணெய் இருக்கிறது, மறுபடி தேய்க்கவேண்டும். “தண்ணி முத்துக் கட்டுச்சுன்னா இன்னும் அழுக்குன்னு அர்த்தம்” என்பார். தொழிற்சாலைகளில் வண்ணம் பூசுவதற்கு முன் உலோகத்தைச் சோதிக்கும் முறையும் இதுவேதான். அக்கா அதைப் படித்து அறியவில்லை. மாமியார் வீட்டில் பாத்திரம் தேய்த்தபோது கண்டுகொண்டதாகச் சொன்னார்.

சுத்தமான வெள்ளியை அதன்பின் விரலால் தொடக்கூடாது, சாமணத்தால் எடுக்கவேண்டும். அதே நாளில் நிறமும் ஏறிவிடவேண்டும். காற்றிலுள்ள கந்தகச் சேர்மங்கள் வெள்ளியைக் கருக்கவைக்கும். திறந்த சாக்கடைக்கு அருகில் இது விரைவாகவே நடக்கும். ஒளி புகும் நிறத்தின் அடியில் அகப்பட்ட கருமையை எந்த மெருகாலும் பிறகு நீக்க முடியாது. மழைக்காலம் இன்னொரு தொல்லை. ஈரக்காற்று பட்டால் இறுகிவரும் பிசினின் மேல் மெழுகு போன்ற வெண்படலம் படிகிறது. இறுக்கும் திரவத்திலுள்ள அமீன் என்னும் சேர்மம், ஈரத்தோடும் கரியமில வாயுவோடும் கூடுவதால் வருவது இது. ஜூன் முதல் செப்டம்பர் வரை அந்த வீட்டில் நிறவேலை நடக்கும் மணிநேரத்தில் துணி துவைத்து உள்ளே உலர்த்துவதில்லை, சோற்றுப்பானையும் அடுப்பேறுவதில்லை. நகரத்தின் மற்றொரு முனையில் யாரோ அணியப்போகும் கொலுசின் பளபளப்புக்காக ஒரு வீட்டின் சமையல் நேரம் மாறியிருக்கிறது.

பிசின் நமக்குப் புதியதா என்றால், அப்படியும் சொல்லிவிட முடியாது. நாகர்கோவிலை ஒட்டிய வடசேரியில் செய்யப்படும் கோயில் நகைகளுக்குப் புவிசார் குறியீடு உண்டு. பரதநாட்டியம் ஆடுவோர் அணியும் நெற்றிச்சுட்டியும் சூரிய சந்திரப் பிறைகளும் அந்த வகையைச் சேர்ந்தவை. வெள்ளியை அடித்தளமாக்கி, அரக்கை இட்டு, கெம்புக் கற்களைப் பதித்து, பொன் தகட்டால் விளிம்பு கட்டுவது அங்குள்ள முறை. வெள்ளியில் சிவப்பு ஏற்ற வடக்கே கண்ணாடியோடு போராடினார்கள். தெற்கே கல்லையும் அரக்கையும் கொண்டு அதைச் சாதித்தார்கள். அரக்கு ஒரு பூச்சி சுரக்கும் பிசின். அதுவும் வெள்ளியின் சொரசொரப்பைக் கவ்வியே நிற்கிறது; அதுவும் தீயைத் தாங்காது. ஆனால் அரக்கை அரக்கு என்றே சொன்னார்கள். நகையை எடைபோடும்போது கல்லும் அரக்கும் போக மீதி எவ்வளவு என்று கேட்கும் வழக்கமும் சேர்ந்தே இருந்தது. பெயர் தனியாக இருந்ததால் கேள்வியும் தனியாக இருந்தது. மீனாவில் அந்தக் கேள்வி எழுவதில்லை. பிசினும் கண்ணாடியும் ஒரே பெயரில் ஒளிந்துகொண்டிருக்கின்றன.

இதனால் யாருக்கு என்ன கேடு என்று கேட்கலாம். எடையில் பெரிய மோசம் இல்லை. ஒரே பருமனுக்கு வெள்ளியின் எடையில் ஏறத்தாழ ஒன்பதில் ஒரு பங்குதான் பிசினுக்கு. கேடு வேறிடத்தில் இருக்கிறது. கொலுசின் கொக்கி அறுந்து பழுதுபார்க்கச் செல்லும்போது, மீனா என்ற சொல்லை நம்பி ஊதுகுழலைப் பிடிக்கும் பத்தரின் முகத்தில் கருகிய பிசினின் புகை எழும். பழைய வெள்ளியாக உருக்கும் இடத்திலும் அதே புகைதான். ஆனால் எல்லாவற்றுக்கும் முன்னால், அது ஊற்றப்படும் இடத்தில் இருக்கும் கைகளுக்குத்தான் முதற்கேடு.

அக்காவின் வலக்கை விரல்களின் நுனி வெடித்திருக்கிறது. விரலிடுக்குகளில் தோல் தடித்துச் செதில் செதிலாக உரிகிறது. வேலை இல்லாத வாரங்களில் ஆறுகிறது. வேலை வந்த மறுநாள் மீண்டும் வருகிறது. பாத்திரம் தேய்க்கும் சோப்புதான் காரணம் என்று அவர் நம்பியிருந்தார். காரணம் அதுவாக இல்லாமலும் இருக்கலாம். எபாக்சிப் பிசினும் அதை இறுக்கும் அமீன் திரவமும் தோலில் ஒவ்வாமையை உண்டாக்கும் பொருள்கள் என்பது தொழில்நல மருத்துவத்தில் நன்கு அறியப்பட்டது. ஒருமுறை உடல் அதற்கு ஒவ்வாமை கொண்டுவிட்டால், பிறகு மிகச் சிறிய அளவுகூடப் போதும். அந்த ஒவ்வாமை பெரும்பாலும் வாழ்நாள் முழுதும் நீங்காது. குப்பிகளின்மேல் இதெல்லாம் எழுதித்தான் இருக்கிறது. எழுத்து ஆங்கிலத்தில் இருக்கிறது. அளவு எறும்பு வரிசைபோல் இருக்கிறது. அந்த வீட்டில் இரண்டாம் குப்பியின் பெயர் 'மருந்து'. “பிசின்ல மருந்தக் கலந்து ஊத்தணும்” என்பார் அக்கா.

இந்தச் சொல்லை நான் நெடுநாள் சுமந்து திரிந்தேன். மருந்து என்ற சொல் நோய் தீர்ப்பதை மட்டும் குறித்ததில்லை. பூச்சிமருந்து, எலிமருந்து, வெடிமருந்து, வசியத்திற்கு வைக்கும் இடுமருந்து என எத்தனையோ உண்டு. சிறிதளவே சேர்த்தாலும் சேர்ந்த பொருளின் இயல்பை மாற்றிவிடுவது எதுவோ, அது தமிழில் மருந்து. அந்த வகையில் அக்காவின் பெயரீடு துல்லியமானது. நீர்போல் ஓடும் பிசினைக் கல்லாக்குவது இரண்டாம் குப்பிதான். ஆனால் தனித்து நிற்கும்போது அந்தச் சொல்லுக்குக் குணப்படுத்தும் முகம் மட்டுமே தெரிகிறது. வெடிப்பில் பட்டால் ஆறிவிடும் என்றுகூட மருமகள் ஒருநாள் விளையாட்டாகச் சொன்னாள். எல்லாரும் சிரித்தார்கள். எனக்குச் சிரிப்பு வரவில்லை.

மொழியியல் படித்தவர் இங்கே செய்யக்கூடியது என்ன? கூலியை உயர்த்த என்னால் முடியாது. அறைக்குச் சாளரம் வைக்கவும் முடியாது. ஒரு தாளில் தமிழ் எழுத முடியும். அவர்களோடு உட்கார்ந்து, பெரிய எழுத்தில், ஒரு பக்கத்துக்கு மேற்படாமல் ஓர் எச்சரிக்கைத் தாள் எழுதினோம். 'நச்சுப்பொருள்' என்று முதலில் ஒரு சொல்லை முன்வைத்தேன். அக்கா ஒப்பவில்லை. “அப்படிப் போட்டா வீட்டு ஆம்பளைங்க வேலைய நிறுத்தச் சொல்லுவாங்க பிள்ள. பக்கத்து வீட்டுக்காரங்க சண்டைக்கு வருவாங்க” என்றார். அச்சுறுத்தும் சொல் ஆபத்தை விரட்டாது, தாளைத்தான் சுவரிலிருந்து விரட்டும் என்று அவர் அறிந்திருந்தார். கடைசியில் 'கைகடிக்கும் மருந்து' என்று பெயர் வைத்தவரும் அவர்தான். புதுச்செருப்பு காலைக் கடிக்கிறது. சுண்ணாம்பு வாயைக் கடிக்கிறது. அந்த வினையைப் புரியவைக்க ஒருவருக்கும் விளக்கம் தேவைப்படவில்லை.

அந்தத் தாளில் உள்ளவற்றை இங்கேயும் தருகிறேன். உங்கள் வீட்டில் பிசின் கலையைப் பொழுதுபோக்காகச் செய்யும் பிள்ளைகளுக்கும் பயன்படும். கைகடிக்கும் மருந்தை வெறுங்கையால் தொடாதே. நைட்ரைல் உறை போடு. மெல்லிய ரப்பர் உறை போதாது, மருந்து அதைக் கடந்து வரும். கையில் பட்டால் தின்னரோ ஸ்பிரிட்டோ போட்டுத் துடைக்காதே, அது மருந்தைத் தோலுக்குள்ளேயே ஏற்றிவிடும். சோப்பும் தண்ணீரும் போதும். கலக்கும் அளவு குப்பிக்குக் குப்பி மாறும். எடையளவா கொள்ளளவா என்று கேட்டுத் தெரிந்துகொள். மருந்தைக் கூட்டி ஊற்றினால் விரைவில் இறுகும் என்பது தவறு; மிஞ்சிய மருந்து உள்ளேயே ஒட்டும் ஈரமாய் நின்றுவிடும். இறுகியதைத் தேய்க்கும்போது தண்ணீர் தொட்டுத் தேய், தூள் பறக்கக்கூடாது. கதவைத் திறந்துவை. கலக்கிய கிண்ணத்தைச் சமையல் பாத்திரத்தோடு கழுவாதே. விரல் வெடித்தால் தோல் மருத்துவரிடம் போ. போகும்போது குப்பியையும் கொண்டுபோய்க் காட்டு.

கடைசி வரியைச் சேர்க்கச் சொன்னவள் மருமகள். குப்பியைக் காட்டாவிட்டால் மருத்துவர் சோப்பை மாற்றச் சொல்லி அனுப்பிவிடுவார் என்றாள். சென்ற மாதம் அக்கா குப்பியோடு சென்றுவந்தார். நிறம் ஊற்றும் வேலையை மருமகளிடம் கொடுத்துவிட்டு, கீறுவதும் தேய்ப்பதும் தண்ணீர் ஊற்றிப் பார்ப்பதுமாகிய ஆயத்த வேலையை மட்டும் இப்போது அவர் செய்கிறார். மருமகள் நீலநிற உறை அணிகிறாள். உறைக்கான காசை வேலை கொடுப்பவர் தரவில்லை, கூலியிலிருந்துதான் போகிறது. அது இன்னும் தீராத பேச்சு.

கடைகளில் வெள்ளி வாங்கும் நண்பர்களுக்கு ஒரு வேண்டுகோள். 'இது கண்ணாடி மீனாவா, பிசின் மீனாவா' என்று ஒருமுறை கேளுங்கள். பிசின் என்றால் வாங்கவேண்டாம் என்று சொல்லவரவில்லை. நேர்த்தியாக ஆயத்தம் செய்த வெள்ளியில் ஏறிய பிசின் நெடுநாள் நிற்கும், அதை நம்பித்தான் அந்த வீட்டில் அடுப்பெரிகிறது. கேள்வி பலமுறை எழுந்தால் பெயர் தனியாகப் பிரியும். பெயர் பிரிந்தால் பத்தர் ஊதுகுழலை எடுக்குமுன் விசாரிப்பார். உருக்குபவர் முகத்தைத் திருப்பிக்கொள்வார்.

சேலம், கோவை, மதுரை, யாழ்ப்பாணம் என்று எங்கிருந்தாயினும், வெள்ளியில் நிறம் ஏற்றும் வேலைக்கும் அதன் ஆயத்தத்திற்கும் உங்கள் ஊரில் வழங்கும் சொற்களை எழுதுங்கள். குறிப்பாக, இரண்டாம் குப்பியை உங்கள் பக்கத்தில் என்ன சொல்லி அழைக்கிறார்கள் என்று அறிய விரும்புகிறேன். தாளின் அடுத்த படியை எழுதும்போது அக்காவிடம் படித்துக்காட்டுவேன். எந்தச் சொல் சுவரில் நிற்கும் என்பதை அவரே சொல்லட்டும்.